உட்கார்ந்த வேலைதானே என்று எழுதிய மகனுக்கு

கண்ணு, நீ கோபத்தில் எழுதிய கடிதம் வடக்கே பிவண்டியிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரரிடம் வாங்கும்போதே உறை தடியாக இருந்தது. தறி மாட்டும் வேலைக்கு வெளியூர் போன மகன் அம்மாவுக்கு இவ்வளவு எழுதியிருக்கிறானே என்று பூரித்துப்போய்ப் பிரித்தேன். பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் வசவு. "என்னைய ஒரு வார்த்த கேக்காம கோமதிய எதுக்குங்க அவங்கம்மா ஊட்டுக்கு அனுப்புனீங்க? அஞ்சாம் மாசத்துல யாருங்க அனுப்பறாங்க? ஊர்ல என்ன பேசுவாங்க? உக்காந்த வேலதானங்க அவளுக்குக் குடுத்திருந்தீங்க, அதுல என்ன கஷ்டம்? மாசக் கடைசியில நானே வந்து கூட்டிட்டு வந்துர்றேன்." முதலில் கோபம் வந்தது. அப்புறம், திட்டும்போதுகூட இவன் 'ங்க' போட மறக்கவில்லையே என்று சிரிப்பு வந்தது. இப்போது பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்லேண்டு லெட்டரில் அடங்காது என்று தாள் வாங்கி வந்திருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்: நான் செய்தது சரி. கடைசி வரைக்கும் படிக்க உனக்குப் பொறுமை இருக்குமோ இருக்காதோ, அதனால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

எனக்கும் கோமதிக்கும் சண்டை என்று உனக்கு யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் சண்டை போட்டிருந்தால் இந்தத் தறிச் சத்தத்தையும் தாண்டி சோமனூர் முழுக்கக் கேட்டிருக்கும். ஊர் பேசுவதற்குக் காரணம் வேறு. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள், கட்டுச்சோறு விருந்து நடக்கும், அதற்குப் பிறகுதான் பெண் தாய்வீடு போவாள். அதற்கு முன்னால் ஒருத்தி பெட்டியோடு பஸ் ஏறினால் மாமியார் துரத்திவிட்டாள் என்று அர்த்தம். நான் அவளை ஐந்தாம் மாதத்திலேயே பஸ் ஏற்றினேன். போதாததற்குக் கட்டுச்சோற்றையும் நானே கட்டிக்கொண்டு போனேன். வாய்க்கு அவல் கிடைத்தால் ஊர் விடுமா?

நடந்ததைச் சொல்கிறேன். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் நானும் உன் அப்பாவும் பேசி, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, துணி மூட்டை பக்கம் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டோம். தார் போடும் வேலையை மட்டும் விட்டுவைத்தோம். நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை, மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே செய்யலாம். நம் பக்கத்தில் தறி ஓடுகிற எந்த வீட்டிலும் மாசமாக இருக்கிற பெண்ணுக்கு இதைத்தான் கொடுப்பார்கள். அதைக் கொடுப்பதே ஒரு கரிசனம். "மருமகளக் கையில வெச்சுத் தாங்கறீங்களாட்ட இருக்குது" என்று அக்கம்பக்கத்தார் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். அவள் உட்கார்ந்த இடம் எது என்று புகழ்ந்தவர்களும் பார்க்கவில்லை, புகழ்ச்சி கேட்ட நானும் பார்க்கவில்லை. தறிக்குடோனில் கடைசி மூலை அது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், வெயில் ஏறினால் கொதிக்கும். முன்னால் தறிகள் காதை அடைக்கும். சுற்றிலும் பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். மத்தியானம் எழுந்து வரும்போது அவள் புருவம் வெளுத்திருக்கும். கிழவியாட்டம் வந்து நிற்கிறாளே என்று கேலி செய்வேன், அவளும் சிரிப்பாள்.

சூலூர் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனபோதுதான் சிரிப்பு நின்றது. எடை பார்த்தார், போன தடவையிலிருந்து ஏறவேயில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாதத்துக்கு ஏற்ற வளர்த்தி இல்லை என்றார். "ஏம்மா, நாள் பூரா எங்க இருக்கே?" என்று அவளைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னேன், "உக்காந்த வேலதானுங்க, தார் போடறா." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உக்காந்த வேலைன்னு நீங்க சொல்றீங்க. குழந்தைக்கு அது தெரியுமாங்க? அம்மா சுவாசிக்கிற காத்துதான் அதுக்கும். அம்மாவுக்கு ரத்தம் இல்லேன்னா அதுக்கு எங்கிருந்து வரும்? முதுகு ஒடிய, அந்தச் சூட்டுல, அந்த இரைச்சல்ல காலையிலிருந்து உக்காந்திருக்கறது ஓய்வு இல்லீங்க" என்றார். தூசியினால்தானா என்று கேட்டேன். "இந்த ஒண்ணாலதான்னு எழுதிக் குடுக்க எந்த டாக்டராலும் முடியாது. சாப்பாடு, ரத்தம், வேலை, புகை, தூசி, ரெண்டு பிரசவத்துக்கு நடுவுல இடைவெளி, அம்மாவோட உடல்வாகு, எல்லாம் சேர்ந்துதான் பிள்ளையோட எடை. உடல்வாகை மாத்த முடியாது, விட்டுருங்க. மாத்த முடிஞ்சதுல எதை நீங்க மாத்தியிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு, எதிர்த்துப் பேசாமல் எழுந்து வந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது கோமதியிடம் கேட்டேன், கவர்மென்ட் நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரையைத் தின்கிறாயா என்று. தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரை அத்தனையும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறதாம். அதைத் தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். சோறும் அரை வயிறுதானாம். "நெறையாத் தின்னா புள்ள பெருத்துப் போகும், அப்பறம் ஆபரேசன்தான்னு எங்கம்மா சொன்னாங்க அத்த. சின்னதா இருந்தா சுளுவா வந்துருமாமா" என்றாள். அடிப்பாவி, உன் வீட்டிலும் என் வீட்டிலும் சேர்ந்து அந்தச் சிசுவை இரண்டு பக்கமும் பட்டினி போட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன். அவளைத் திட்டவில்லை. பிரசவ பயம் பொல்லாதது, ஆம்பளை உனக்கு அது புரியாது, புரிந்த மாதிரி நடிக்கவும் வேண்டாம்.

அப்படியானால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பாய். உன் அப்பாவும் அதைத்தான் கேட்டார். வைத்துப் பார்த்தேன். நம் வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். சோற்றுப் பானையைத் திறந்தால் தூசி அதில் விழுகிறது. அதைவிடப் பெரிய தொந்தரவு அவளேதான். படு என்றால் படுப்பாள், நான் அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து தார் மெஷினுக்குப் போய்விடுவாள். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து வந்து, "உனக்குக் காது கேக்குதா இல்லையா?" என்று சத்தம் போட்டேன். "நீங்களும் மாமாவும் பாடுபடறப்ப நான் படுத்துட்டிருந்தா எனக்குக் கூச்சமா இருக்குதுங்க அத்த. சோறு எறங்க மாட்டீங்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நிஜம். புருஷன் வீட்டில் ஒருத்தி பட்டப்பகலில் கால் நீட்டிப் படுக்க முடியாது. நாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் முடியாது. தாய்வீட்டில் ஒன்பது மணிக்கு எழுந்தாலும் கேட்க ஆள் கிடையாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஏழாம் மாதம் வரைக்கும் வழக்கம் காத்திருக்கும், வளருகிற பிள்ளை காத்திருக்குமா?

அடுத்த வெள்ளிக்கிழமை புளிச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் கிளறித் தூக்குப்போசிகளில் அடைத்தேன். சோமனூரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, தொண்டாமுத்தூர் பஸ் பிடித்தோம். தோப்புக்குள் நாங்கள் நடந்து வருவதைப் பார்த்ததும் உன் மாமியார் வெளிறிப்போய் ஓடி வந்தார். பெட்டியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, என்னாச்சுங்க? எம்புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளாங்க?" என்று கண் கலங்கிவிட்டார். "தப்பெல்லாம் நாம பண்ணுனதுங்க. மொதல்ல ஊட்டுக்குள்ள வாங்க, சோறு ஆறுது" என்றேன். இலை போட்டு என் கையால் பரிமாறினேன். உன் மாமனார் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கட்டுச்சோறு நாங்கல்லங்க கொண்டாரணும்? இப்படி நான் எங்கயும் பாத்ததில்லீங்களே" என்றார். "இப்பப் பாத்துட்டீங்கல்லங்ணா, சாப்புடுங்க" என்றேன். சாப்பிட்டார். புளிச்சோறு நன்றாக இருந்தது என்று இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்.

தாய்வீட்டில் விட்டதோடு கடமை முடிந்தது என்று வந்துவிடவில்லை. தொண்டாமுத்தூரில் மலைக்காற்று உண்டு, தேங்காய் உண்டு, காய்கறி தோட்டத்திலேயே உண்டு, எல்லாம் சரி. ஆனால் உன் மாமியார் சமையல் தென்னை மட்டையில். சமையலறைக்குள் போனால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. தூசியிலிருந்து பிரித்துப் புகையில் உட்கார வைக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? கோமதி அடுப்பு பக்கம் வரவே கூடாது என்றேன். உன் மாமனாருக்கு வீட்டுக்குள்ளேயே பீடி. அவரிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தேன், கொஞ்சந்தான். "ஏனுங்ணா, உங்க பீடிய நான் வேண்டாங்கல. பேரப்புள்ள வர்ற வரைக்கும் தோப்புக்குள்ள போயிக் குடிச்சுப்போட்டு வாங்க" என்றேன். "அங்க யானை வருமுங்களே" என்றார். "யானைக்கு ஒரு பீடி குடுங்க" என்றேன். உன் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், அத்தனை வருடமாக அவர் சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

சிரித்த சூட்டிலேயே சோற்று விஷயத்தையும் எடுத்தேன். அரை வயிறு சாப்பிடச் சொன்னது அவர் கெட்ட மனதில் சொன்னது அல்ல, அவர் அம்மா அவருக்குச் சொன்னது. "சின்னப் புள்ளன்னா சுளுவா வரும்னு சொல்றீங்க. வந்ததுக்கு அப்பறம் சின்னப் புள்ளைய வளத்தறது சுளுவுங்களா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பெண்ணின் இலையில் இன்னும் ஒரு கரண்டி போட்டார். முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு, கடலை, ராகி, எதுவும் கடையில் தேட வேண்டியதில்லை, எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாத்திரையை அவரே எண்ணிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே பக்கத்தில் காட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி உன் கடிதத்தில் எனக்கு அதிகமாக வலித்த வரிக்கு வருகிறேன். "நானும் சின்னதாத்தான பொறந்தேன், இப்ப நல்லாத்தான இருக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய். நல்லாத்தான் இருக்கிறாய், இல்லை என்று யார் சொன்னது? தறி ஒன்றைத் தனியாளாக நகர்த்துகிறாய். ஆனால் உன் நினைவு எங்கே தொடங்குகிறது? தெருவில் பம்பரம் விட்ட வயதிலிருந்து. அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது உறிஞ்சிப் பால் குடிக்கக்கூட உனக்குத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன். சூடு நிற்காது என்று நெஞ்சோடு அணைத்தே வைத்திருந்தேன், குளிக்கப் போனால் உன் அப்பா மாரில் போட்டுக்கொள்வார். ஊரில் ஒரு குழந்தைக்குச் சளி என்றால் உனக்கு மூச்சிரைப்பு வரும். முதல் வருடம் முழுக்க நம் வீட்டுக்கும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் நடையாக நடந்தோம். நீ நல்லாயிருப்பது சின்னதாகப் பிறந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதற்கு அத்தாட்சி இல்லை, கண்ணு. இரண்டு பேர் வேறு எதையும் பார்க்காமல் உன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் பிழைத்தாய்.

உனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள் என்று உனக்குத் தெரியும், வீட்டில் எப்போதாவது பேச்சு வரும். எப்படிப் போனாள் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. அவளைச் சுமந்தபோது எனக்கும் உட்கார்ந்த வேலைதான் கொடுத்தார்கள், அதே மாதிரி மூலையில், அதே கரிசனத்தோடு. அவளைக் கையில் வாங்கியபோது பழந்துணியின் கனம்தான் தெரிந்தது. ஒரு வாரம் இருந்தாள். அழக்கூட அவளுக்குச் சத்தம் வரவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அந்த முனகலும் தறிச் சத்தத்தில் கேட்காது என்று பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு 'என்ன பேசுவாங்க' என்று நீ பயப்படுகிறாயே, அதே ஊர்தான் அன்றைக்கும் வந்தது. "ஒல்லி ஊட்டுப் புள்ள, அப்படித்தான் பொறக்கும். அடுத்தது பையனாப் பொறக்கும் உடு" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடமே நீ பிறந்தாய். உடம்பு தேறுவதற்குள் மறுபடியும் சுமந்தால் பிள்ளை எப்படித் தேறும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. எது அவளைக் கொண்டுபோனது, தூசியா, பட்டினியா, என் வயதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததைப் பிடித்துக்கொண்டு அழ எனக்கு நேரமில்லை. கோமதி விஷயத்தில் தெரிந்ததை எல்லாம் செய்வேன். ஊர் பேசட்டும், பேசிப் பேசி வாய் வலித்தால் அவர்களே நிறுத்திக்கொள்வார்கள்.

உன் பங்குக்கு நீ செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். பிவண்டியில் சிகரெட் பழகியிருக்கிறாய். யார் சொன்னார்கள் என்று ஆராய்ச்சி பண்ணாதே, உன் சட்டைகளை நீ போன தடவை வந்தபோது துவைத்தவள் நான். அந்தப் புகையோடு பிள்ளைத்தாச்சியின் பக்கத்தில் போகாதே, பச்சைக்குழந்தையின் பக்கத்தில் போகவே போகாதே. அவளுக்குக் கடிதம் எழுது. "ஒடம்பப் பாத்துக்க" என்று ஒற்றை வரி எழுதாதே, என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா, பயமாக இருக்கிறதா என்று கேட்டு எழுது. மனசு குளிர்ந்தால்தான் சோறு இறங்கும், சோறு இறங்கினால்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். ஒன்று பிறந்ததும் அடுத்தது எப்போது என்று கேட்கச் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அவள் உடம்பு தேறுகிற வரைக்கும் அவர்களுக்குப் பதில் சொல்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு, அது எனக்குப் பிடித்த வேலை.

போன வாரம் உன் மாமியார் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அடுத்த வீட்டுக்குப் போன் பண்ணினார். கோமதிக்கு எடை ஏறியிருக்கிறதாம். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குகிறாளாம், பிள்ளை உதைக்கிற உதையில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளாம். சொல்லும்போதே அவருக்குக் குரல் துள்ளுகிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் மாசக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு வருவேன் என்கிறாய்.

இன்று காலையில் உன் கடிதத்தை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடி உடைந்துபோய்க் கிடக்கிறது, அவரால் படிக்க முடியவில்லை. நீ என்னைத் திட்டியிருந்த இடங்களில் எல்லாம் மீசைக்குள் சிரித்தார். கூட்டிக்கொண்டு வருவேன் என்ற வரி வந்ததும், "மறுக்கா படி" என்றார். மறுபடியும் படித்தேன். குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் குடோனுக்குள் போனார். நூல் அறுந்திருக்கும், பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு தறி நின்றது. அடுத்தது நின்றது. ஒவ்வொன்றாக எல்லாமே நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று தலையைத் தூக்கினேன், மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்து என் முன்னால் நின்றார். "இந்தா புள்ள, அவங்கிட்ட இப்படியே எழுதிப்போடு. தாராளமா அவளக் கூட்டிட்டு வரட்டும். வந்தான்னா, புள்ள பொறந்து தேறற வரைக்கும் இந்தக் குடோன்ல ஒரு தறி ஓடாது. தறி ஓடணுமா, அவ இங்க வரணுமான்னு அவனையே சொல்லச் சொல்லு" என்றார்.

சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டேன். நெய்த துணி பாதியில் நிற்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கரண்ட் இருக்கும்போதே பகலில் என் மூச்சு என் காதில் கேட்பது இன்றைக்குத்தான். நான் இந்தக் கடிதத்தை ஒட்டப்போகிறேன், உன் அப்பா இன்னும் மோட்டாரைப் போடவில்லை.

அம்மா